பாதி ஆராதனைக்காரி

"வாயைத் திறம்மா" என்றார் எழுத்தர் ஹோரியோன். முதலைச் சாமிக்குப் பலியிட்ட இறைச்சித் துண்டு தமிஸ்தாவின் உதட்டருகே நின்றது.

"மாட்டேங்கய்யா. நான் கிறிஸ்தவ மார்க்கம்."

இறைச்சியை ருசித்தவருக்குப் 'பலியிட்டார்' என்று சீட்டு, மறுக்கும் கிறிஸ்தவருக்குச் சிறை. இது சக்கரவர்த்தியின் ஆணை.

"ஞானஸ்நானம் ஆயிடுச்சா?"

"வர்ற ஈஸ்டருக்குத்தான். மூணு வருஷமா படிக்கிறேன். கோயில் வாசல்ல மாலை வித்த பொழைப்பையே விட்டுட்டேன்."

"ஆராதனைக்கு விடுறாங்களா?"

"பாதி வரைக்கும். அப்பம் பிட்கிற நேரத்துல வெளிய போகச் சொல்லிடுவாங்க."

ஹோரியோன் ஆணையைத் திரும்பப் படித்தார். "சபையே பாதியில வெளிய அனுப்புற ஆளை அரசாங்கம் எப்படிம்மா முழுசா உள்ள வைக்கும்?"

தமிஸ்தா பெருவிரலால் நெற்றியில் சிறு கோடு இழுத்துக் காட்டினாள். "சாப்பிடுறதுக்கு முன்னாடி நாங்க போடுற அடையாளம்யா இது!"

"கொசு ஓட்டினாலும் அப்படித்தான் இருக்கும். மேற்படி சைகை சாட்சியமாக ஏற்கத்தக்கதல்ல."

சீட்டு வாங்கினால் மூன்று வருஷமும் வீண். வாங்காவிட்டால் சிறை. சிறைக்கு அவள் தயார். சிறைதான் தயாராக இல்லை.

வரிசையில் அவளுக்குப் பின்னால் முக்காடிட்டு நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். பாடம் சொல்லித்தந்த உபதேசியார் பாசியோன்.

"இவரையே கேளுங்க!"

"இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க" என்ற உபதேசியார், இறைச்சியை மெல்லாமலே விழுங்கிச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

"சாட்சியும் இல்ல." ஹோரியோன் எழுதத் தொடங்கினார். "மேற்படி தமிஸ்தா எக்காலமும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர். இப்போதும் எம் முன்னிலையில் ருசித்தார்."

"நான் ருசிக்கலையே!"

"கிறிஸ்தவ மார்க்கம் இல்லாதவ ருசிக்காம இருக்கக் காரணமே இல்ல. அதனால ருசிச்சிட்ட."

சீட்டு அவள் கையில் திணிக்கப்பட்டது. வெளியே வந்ததும் உபதேசியாருக்கு அவளைத் தெரிந்துவிட்டது.

"சீட்டு வாங்கிட்டியேம்மா! விதி விதிதான். முதல் வருஷத்துலேர்ந்து வா."

"நீங்க மட்டும் வாங்கலையா?"

"நான் ஞானஸ்நானம் வாங்கினவன். விழுந்தாலும் உள்ளதான் விழுவேன். நாப்பது நாள் அழுதா தீர்ந்துது. நீ இன்னும் உள்ளயே வரலையே, எங்கேர்ந்து விழுவ?"

தமிஸ்தா விடவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று மறுபடி உள்ளே போனாள்.

"உணவு இடைவேளை" என்றார் ஹோரியோன். வீட்டிலிருந்து வந்த ரொட்டியும் வெங்காயமும் மேஜைமேல் இருந்தன. அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹோரியோன் பெருவிரலால் நெற்றியில் சிறு கோடு ஒன்று இழுத்துவிட்டு, ரொட்டியைப் பிட்டார்.