நான் அணைத்த அடுப்பு

உலகம் அழிந்தால் அதை மறுபடி எப்படி உண்டாக்குவது என்று பாடம் எடுக்கிறவன் வீட்டில், அன்றாடத்துக்கு வேண்டிய ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்காது. என் வீட்டில் இல்லாமல் போனது நெருப்பு.

யுத்த காலம். மதுரை மேல் குண்டு விழப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. சயன்ஸ் வாத்தியாரான நான் ஒருபடி மேலே போய், நாகரிகமே முடிந்தது என்று தீர்மானித்துவிட்டேன். இனி நெருப்பு, உப்பு, சோப்பு எல்லாவற்றையும் மனிதன் தன் கையாலேயே செய்துகொள்ள வேண்டும் (எனக்கு வேட்டியை ஒழுங்காகத் துவைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்). நிறைமாதமாக இருந்த மனைவி பேச்சியை அழைத்துக்கொண்டு, நாகமலை அடிவாரத்தில் மாமனாரின் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் விஞ்ஞானம் முற்றியது. வீட்டிலிருந்த ஒரே தீப்பெட்டியைக் கிணற்றில் எறிந்தேன். அடுப்பில் கிடந்த கங்கின் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன். சாயங்காலம் சக்கிமுக்கிக் கல்லில் நெருப்பு உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று மாமியாரிடம் சவால் விட்டேன். அவர் அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது பேச்சிக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சியை அழைத்துவர மாமனார் வண்டி பூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ள, வெந்நி வைக்கணும், வெளக்கு ஏத்தணும். நெருப்பக் கொண்டாங்க," என்றார் மாமியார்.

பொறி பிடிக்க வைத்திருந்த பஞ்சு காலை மழையில் நமுத்துப் போயிருந்தது. கல்லைத் தட்டித் தட்டி விரல் முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். இருட்டிக்கொண்டு வந்த உள்ளறையில் பேச்சி அலறினாள். இவள் பிழைக்க மாட்டாள், நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினேன். அந்த வீட்டம்மாளிடம் பிரசவம் என்று சொல்ல வெட்கம் (சின்ன வயது, அதிலும் வாத்தியார்). சோறு பொங்க நெருப்பு வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நெருப்புக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள், காலையில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் ஓடைக்கரையில் வெளிச்சம் தெரிந்தது. சுடுகாடு. தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு ஒருவர், மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக, உறவுக்காரர்களோடு போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, சம்சாரத்துக்குப் பிரசவம். வீட்டுல பொட்டு நெருப்பில்ல. கொஞ்சம் எடுத்துக்கிடவா?"

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டியபடியே நின்றார். தோள் குலுங்கியது.

"எடுத்துக்கங்க. எங்கய்யா யாருக்கும் இல்லேன்னு சொன்னதில்ல."

எரிகிற வரட்டி ஒன்றை உடைந்த ஓட்டில் ஏந்திக்கொண்டு ஓடினேன். எங்கே கிடைத்தது என்று கேட்க மாமியாருக்கு நேரமில்லை. வெந்நீர் கொதித்தது, விளக்கு எரிந்தது, மருத்துவச்சியும் வந்தார். பேச்சி பிழைத்தாள். பெண் குழந்தை.

கருமாதி முடிந்த கையோடு அந்த மனிதர் குழந்தையைப் பார்க்க வந்தார். அவர் சொல்லித்தான் மாமியாருக்கு விஷயம் தெரிந்தது. அன்றே அடுப்பை இடித்துப் புது அடுப்புப் போட்டார். அதன்பிறகு சாகும்வரை என்னோடு நேராகப் பேசவில்லை. "சுடுகாட்டு வாத்தியாரச் சாப்புட வரச் சொல்லு" என்று பேச்சி மூலமாகத்தான்.

அந்த மனிதர் என் மகளுக்குப் பெரியப்பாவாகிவிட்டார். அவள் கல்யாணத்தில் அவர் வைத்த சீர்த்தட்டில் பழம், வெற்றிலை, மஞ்சள் தடவிய ஒரு தீப்பெட்டி. மாப்பிள்ளை விழித்தார்.

"பத்திரமா வச்சுக்கங்க மாப்ள. மாமனாரு வந்து போற வீடு," என்றார் அவர்.

இப்போதும் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், மகள் எழுந்துபோய் அடுப்புக்கு முன்னால் நின்றுகொள்கிறாள்.