முழுசாக விழுங்க வேண்டிய மாத்திரை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசி கூறி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என் இடது கெண்டைக்கால் நீங்கலாக. நீயும் உன் மருந்துக்கடையும் நலமா என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று டாக்டர் எழுதிய பென்டாக்சிஃபிலின் மாத்திரையை நீதானே கொடுத்தாய்? அது சிவப்பணுக்களை நெகிழவைக்கும், குறுகின ரத்தக்குழாயிலும் அவை வளைந்து நெளிந்து போய்விடும் என்றாய். காபியில் இருக்கிற காஃபீனுக்குப் பங்காளி முறை என்றும் சொன்னாய். எல்லாம் சரி. "முழுசா முழுங்குங்க அத்தான்" என்றாயே, ஏன் என்று சொன்னாயா? வேதியியல் வாத்தியாரிடம் காரணம் சொல்லாமல் ஒரு வேலை சொல்லலாமா?

பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவரை நான் என்ன செய்வது? தெருமுனை தாண்டினால் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கிறது, நிற்க வேண்டியிருக்கிறது. வலிக்காக நிற்கிறேன் என்று தெரியக்கூடாதே என்று தையல்கடை வாசலில் துணி பார்ப்பதுபோல் நின்றால், ஜாக்கெட் தைக்கணுமா என்று கேட்கிறார் தையல்காரம்மா. உன் அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு மாலை நடைக்கு மாடிவீட்டு அம்மாவோடு போக ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து என்னோடு நடந்தவள். எனக்குத் தாங்கல, அவ்வளவுதான். பரப்பளவு கூடினா வினை வேகமா நடக்கும்னு எத்தனை பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். மாத்திரையை நுணுக்கி, மாவாக்கி, தண்ணியில கலக்கிக் குடிச்சேன். மூஞ்சி சிவந்து, தலை சுத்தி, சாப்பிட்டது மொத்தமும் வெளியே வந்து, உன் அக்கா அழுதுகிட்டே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. மணிக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கரையறதுக்குன்னே செஞ்ச மாத்திரையாம், நான் மொத்தத்தையும் ஒரே மடக்குல இறக்கிட்டேனாம். "சார், பசங்களுக்குப் பாடம் நடத்தினது போதும், மாத்திரைக்கும் நடத்தாதீங்க"ன்னாரு, வெளியில உக்காந்திருந்தவங்க காதுல விழற மாதிரி.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி மாத்திரையும் வேண்டாம், நடையும் வேண்டாம். மீதி அட்டைகளை நீயே வந்து எடுத்துப் போ.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறேன், கோபம் ஆறியதும் தருகிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: அட்டைகளை எடுக்க வராதே. உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "நான் கூட வந்தா வலியை மறைச்சுக்கிட்டே நடக்கறீங்க, அதான் விட்டுட்டுப் போனேன். இனி வலிச்சா நில்லுங்க, நானும் நிக்கறேன்" என்றாள். நடந்து, நின்று, மறுபடி நடப்பதே காலுக்கு வைத்தியம் என்று டாக்டரும் சொன்னாராம், என் காதில் விழவில்லை. மாலை இருவரும் போனோம். ஏழெட்டு இடத்தில் நின்றோம், நின்ற இடமெல்லாம் பேச்சு. அடுத்த மாத மாத்திரையை அனுப்பு. முழுசாகவே விழுங்குகிறேன். அது மெதுவாகவே வேலை செய்யட்டும்.