பாட்டை ஓட விடாத நிப்பாட்டண்ணன்

பாட்டைக் காதால் கேட்பவர்கள் உண்டு, கண்ணால் பார்ப்பவர்கள் உண்டு. உலகத்திலேயே பாட்டை ஓட விடாமல் ரசித்த ஒரே மனிதர் எங்கள் நிப்பாட்டண்ணன்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு நகரத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பின்பக்க ஒழுங்கையில் டிவி திருத்தும் கடை வைத்திருந்தார். எந்த நேரமும் ஏழெட்டு டிவி சுவரோரம் நிற்கும். அவற்றில் ஒன்றில், நம்மூர்ப் பொடியன்கள் யாராவது எடுத்து யூடியூப்பில் போட்ட பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் என்பது பிழை. நின்றுகொண்டிருக்கும்.

ரிமோட்டை அவர் கீழே வைத்து நான் கண்டதில்லை. பாட்டுத் தொடங்கி, வாவியில் ஒரு தோணி தலையைக் காட்டினால் போதும். "நிப்பாட்டு!" என்று தனக்குத்தானே கட்டளை போட்டு, தானே நிப்பாட்டுவார். பிறகு மெதுவாகத் திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார்.

"என்ன தெரியுது?"

"தோணி, அண்ணே."

"தோணி எண்டு மீனுக்கும் தெரியும். உனக்கு என்ன தெரியுது?"

"தனிமை" என்று சொன்னால் தப்பலாம். "இழப்பு" என்று சொன்னால் பிளேன்டீ வரும். ஒருமுறை ஒருவன், "தோணிக்காரன் சாப்பிடப் போயிருப்பான் அண்ணே" என்றான். அவனை அதற்குப் பிறகு கடைப் பக்கம் அண்டவே விடவில்லை.

இந்த வேகத்தில் நாலு நிமிடப் பாட்டைப் பார்த்து முடிக்க ஒரு முழுப் பின்னேரம் வேண்டும். பாட்டு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் தனிக் கோபமே இருந்தது. என்னுடைய பாட்டுகளை மணிக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். ஒரு வரிகூட அவர் காதில் விழுந்ததில்லை. படத்தை நிப்பாட்டினால் சத்தமும் நின்றுவிடும் அல்லவா?

தன் டிவி என்று அவரிடம் ஒன்றும் கிடையாது. பார்ப்பதெல்லாம் திருத்த வந்த டிவிகளில்தான். "ஓட்டிப் பாக்காம ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது, அது தொழில் தர்மம்" என்பார். ஓட்டமாவடியில் அரிசி வியாபாரம் செய்யும் முஸ்லிம் அண்ணர் ஒருவர், எங்கள் வழக்கில் காக்கா, நோன்புக்கு முன் ஒரு பெரிய டிவியைத் திருத்தக் கொடுத்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது வந்து வாசலிலேயே கத்தத் தொடங்கினார்.

"டிவியத் தாறீங்களா, இல்ல பொலிஸுக்குப் போகவா?"

அந்த நேரம் அவருடைய டிவியில் ஒரு பெண் கறுப்புக் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். நிப்பாட்டண்ணன் பதறவே இல்லை.

"காக்கா, மழை இல்ல. இவ ஏன் குடை வச்சிருக்கா?"

"வெயிலுக்குத்தான் மனிசன்!"

"வெயிலுக்கு எண்டா ஏன் விரிக்கல்ல?"

காக்கா உற்றுப் பார்த்தார். உண்மைதான், குடை மூடியே இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்ததும் பஸ்ஸுக்கு ஓடியவர், டிவியை மறந்துவிட்டுப் போனார்.

அவருடைய ஆராய்ச்சிகள் முகநூலில் வெளிவரும். நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் பழைய ஞாபகம், பச்சை என்றால் வயல் கிட்ட இருந்தது என்று அர்த்தம். ஒரு பொடியன் தன் அக்காவின் கல்யாணத்துக்கென்று துள்ளல் பாட்டு ஒன்று எடுத்திருந்தான். நிப்பாட்டண்ணன் அதைப் பார்த்துவிட்டு "திருமணம் என்னும் நீலத் துயரம்" என்று தலைப்புப் போட்டு எழுதினார். மணமகள் நீலத்தில் உறைந்து நிற்கிறாளாம், சிரிப்பவர்களின் பற்களில்கூட ஒரு நீலம் படர்ந்திருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டில் இதை வாசித்துவிட்டு, பெண்ணுக்கு இதில் விருப்பம் இல்லையோ என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் பார்த்த டிவியே நீலம் அடிக்கிறது என்று திருத்தத் தந்த டிவி.

"அண்ணே, பழுது டிவியிலதான்" என்றேன்.

"டிவி பழுதுதான். இல்லையெண்டு ஆர் சொன்ன? ஆனா இவ்வளவு டிவி இருக்க, அந்தப் பாட்டு ஏன் பழுதான டிவியத் தேடி வந்தது?"



தாங்கள் எடுத்தது என்ன என்பதே அவர் எழுதிய பிறகுதான் இயக்குநர்மாருக்குத் தெரியவந்தது. ருசி கண்ட பூனைகள் விடுமா? அவருக்காகவே பாட்டுக்குள் சாமான் வைக்கத் தொடங்கினார்கள். ஓடாத மணிக்கூடு, உடைந்த கண்ணாடி, பறவை இல்லாத கூண்டு. கூண்டு மட்டும் ஊரில் ஒன்றுதான் கிடைத்தது. அது கை மாறிக் கை மாறிப் பாட்டுக்குப் பாட்டு நடித்தது. நிப்பாட்டண்ணன் ஒருநாள் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "போன பாட்டில இந்தக் கூண்டு இன்னும் நல்லாச் செஞ்சிது."

இப்படியிருக்கையில்தான் என் கூட்டாளி டிலக்சன் தன் முதல் பாட்டை எடுத்தான். முதல் பாட்டு மட்டுமல்ல, கடைசிப் பாட்டாகவும் ஆகக்கூடியது. அவனுடைய அப்பா வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல் செய்பவர். பேச்சு அதிகம் கிடையாது, பேசினால் தீர்ப்புத்தான். மாமன் மகன் ஒருவன் கட்டாரில் டிலக்சனுக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான்.

"ஒரு பாட்டு எடு" என்றார் அப்பா. "நாலு பேர் நல்லம் எண்டு சொன்னாப் பாப்பம். இல்லாட்டி மறுகாக் கதை இல்ல. பாஸ்போட்டைத் தூக்கிட்டு வெளிக்கிடு."

"அப்ப எடுக்கிற அண்டைக்கு நீங்களும் வாங்களன் அப்பா."

"ஆடுற பாடுற இடத்தில எனக்கு என்ன வேலை?"

அவர்களுடைய வயல் வட்டையில்தான் படம் பிடித்தோம். நான் பாட்டெழுதியவன், அன்று குடை பிடித்தவனும் நானே. அப்பா வரவில்லை. சொந்த வயலில் மகன் படம் எடுக்கிறான், எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று டிலக்சன் போகும்போதும் வரும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கட்டாரை விட அதுதான் அவனை அதிகம் தின்றது.

யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? நிப்பாட்டண்ணன் நல்லது என்று எழுதினால் ஊரே நல்லது என்று சொல்லும். போனில் போட்டுக் கொடுத்தோம். சத்தத்தை நிறுத்திவிட்டு, மூக்கு திரையில் முட்டும்படி வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். கடைசியில் ஒரு இடத்தில் நிப்பாட்டி, விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

"இத போன்ல பாத்துச் சொல்ல ஏலா. பெரிய டிவியில பாக்கணும். ஞாயித்துக்கிழமை வா. அப்பாவையும் கூட்டிட்டு வா."

டிலக்சனுக்கு வியர்த்துவிட்டது. "அண்ணே, அவர் வந்து இதப் பாத்தா, நான் திங்கக்கிழமை கட்டாரில நிப்பன்."

"கூட்டிட்டு வா எண்டாக் கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். வெளுத்த சாரம், மடிப்புக் கலையாத சேட்டு, நீதவான் முகம். கடையில் இருந்ததிலேயே பெரியது ஓட்டமாவடிக் காக்காவின் டிவிதான். அதன் முன்னால் அப்பாவை உட்கார வைத்தோம்.

முதல் காட்சி, ட்ரோனில் எடுத்த கல்லடிப் பாலம். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் காட்டாமல் பாட்டெடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நினைக்கிறேன். இதுவரை யாரும் மீறிப் பார்த்ததில்லை.

"நிப்பாட்டு!" என்றார் நிப்பாட்டண்ணன். "பாலம் எண்டா ரெண்டு கரை. இதில ஒரு கரைதான் தெரியுது. மற்றக் கரை எங்க?"

"அதுக்குள்ள ட்ரோன்ட பற்றரி முடிஞ்சிரிச்சாம். இவன்தான் வீட்ட வந்து சொன்னான்" என்றார் அப்பா.

"அதத்தான் நானும் சொல்றன் ஐயா. மனிசன்ட சக்தி பாதி வழியில முடியுது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்தது காதலன் வரம்பில் குந்தியிருந்து அழும் காட்சி. அவனுக்குப் பின்னால் ஒரு மாடு தன் பாட்டுக்குப் போகும்.

"நிப்பாட்டு! ஒருத்தன் அழுறான். திரும்பியும் பாக்காமப் போகுது. இதுதான் இந்தச் சமூகம்!"

"தம்பி, அது சமூகமில்ல. அது எங்கட சிவப்பி. கண்டுக்குட்டி கத்திச்சு, அதான் ஓடுது."

"பாத்தீங்களா! அந்தப் பக்கம் சமூகம், இந்தப் பக்கம் தாய்மை. ரெண்டும் ஒரே மாட்டில!"

அப்பா குனிந்து என் காதில் கேட்டார்: "இந்தாளுக்குச் சுகமில்லையா?"

டிலக்சன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். அடுத்து வந்தது வெருளி. கிளி விழாமல் இருக்க வயலில் நட்டு வைத்திருந்த வெருளி, வெள்ளைச் சேட்டுப் போட்டு இரண்டு கையையும் விரித்து நின்றது.

நிப்பாட்டண்ணன் எழும்பியே விட்டார். "நிப்பாட்டு! அது பள்ளிக்கூடச் சேட்டு! கல்வியச் சிலுவையில அறைஞ்சு வச்சிருக்கு! இத ஆர் யோசிச்ச?"

"ஒருத்தரும் யோசிக்கல்ல. இவன்ட பழைய சேட்டு. நான்தான் கட்டின."

"நீங்களா?" நிப்பாட்டண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, அப்ப இந்தப் படத்தில பெரிய கலைஞன் நீங்கதான்."

அப்பா சேட்டுக் கொலரை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டார். முகத்தில் நீதவான் கொஞ்சம் இறங்கியிருந்தார். அடுத்த காட்சி ஓடத் தொடங்கி மூச்சு விடுவதற்குள் ஒரு குரல் கேட்டது.

"நிப்பாட்டுங்க தம்பி!"

அப்பாவேதான். விரலை நீட்டிக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போய்விட்டார். "அங்க பாருங்க. வாய்க்கால் கட்டு உடைஞ்சு கிடக்கு. தண்ணி முழுக்கப் போகுது."

"இழப்பு!" என்றார் நிப்பாட்டண்ணன்.

"ஓம், இழப்புத்தான்! கதிர் பால் பிடிக்கிற நேரம் தண்ணி போனா எவ்வளவு இழப்பு!"

"இதான் ஐயா ரசனை!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவுக்கு ஒரு பிளேன்டீ வந்தது.

கடைசிக் காட்சி. காதலர்கள் வரம்பில் நடந்து போகிறார்கள், ட்ரோன் மேலே எழும்புகிறது, முழு வட்டையும் விரிகிறது. மேல் மூலையில், தூரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குப் பின்னால் ஒரு கூட்டம் கறுப்புப் புள்ளிகள்.

"நிப்பாட்டு" என்றார் நிப்பாட்டண்ணன். இந்த முறை சத்தமே இல்லை.

வெள்ளை ஒன்று, கறுப்புப் பல. வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த விருந்து இது. ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர் என்று நானே மனதுக்குள் தலைப்புப் போட்டுவிட்டேன். ஆனால் மனிதர் கைலேஞ்சியால் திரையின் அந்த மூலையைத் துடைத்தார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, இது ஆர்?"

அப்பா பிளேன்டீயைக் கீழே வைத்தார். 

"நான்தான்."

"நீங்களா?" என்றான் டிலக்சன். "நீங்க அண்டைக்கு வரல்லயே அப்பா."

"வந்தன். எருமைப் பட்டி திரும்புற நேரம் மனே. அந்த வரம்பாலதான் வரும். வந்தா உன்ட படத்துக்குள்ள பூந்திரும். அதான் மறிச்சிட்டு நிண்டன்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க முடிக்கும் மட்டும்."

அந்தக் காட்சியை நாங்கள் எத்தனை தரம் திருப்பித் திருப்பி எடுத்தோம் என்று எனக்குத் தெரியும். வெயில் சரியத் தொடங்கும்போது ஆரம்பித்தது, வெளிச்சம் மங்கித்தான் முடிந்தது. அவ்வளவு நேரமும் இந்த மனிதர் ஒற்றைக் கம்போடு, வீட்டுக்குப் போகத் துடிக்கும் ஒரு பட்டி எருமையை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார். டிலக்சன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். 

எல்லோரும் நிப்பாட்டண்ணனின் வாயைப் பார்த்தோம். அவர் ரிமோட்டைத் தூக்கினார்.

"இதுக்கு நான் சொல்ல ஒண்டுமில்ல. ஓட விடுவம்."

பாட்டு ஓடியது. நிற்காமல், முடியும்வரை ஓடியது. நான் எழுதிய கடைசி வரி அந்தக் கடையில் முதன்முதலாக அன்றுதான் கேட்டது.

அப்பா எழுந்து சாரத்தை உதறினார். வாசலில் நின்று, எவர் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த பாட்டெடுக்க முந்தி அந்த வாய்க்காலக் கட்டிப்போட்டு எடு."

டிலக்சனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அடுத்த பாட்டா அப்பா?"

"பின்ன, அந்த உடைஞ்ச வாய்க்காலோடயா விடப் போறாய்? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

அவர்கள் போன பிறகு நான் நிப்பாட்டண்ணனிடம் கேட்டேன். "போன்லயே கண்டுட்டீங்க, என்ன அண்ணே?"

"போன்ல ஒரு புள்ளிதான் தெரிஞ்சிது. ஆனா எல்லாம் அசையுது, அது மட்டும் அசையல்ல. ஒருத்தன் அவ்வளவு நேரம் அசையாம வயலுக்க நிக்கிறான் எண்டா, ஒண்டில் அது வெருளி. இல்லாட்டி அப்பா."

அந்தப் பாட்டைப் பற்றி அவர் முகநூலில் ஒரு சொல்லும் எழுதவில்லை. பாட்டு ஊரைக் கலக்கவும் இல்லை. டிலக்சன் இப்போது மூன்றாவது பாட்டு எடுக்கிறான். அப்பாதான் இடம் பார்க்கிறார், மாடு எந்தப் பக்கத்தால் வர வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

நிப்பாட்டண்ணன் கடையை மூடிவிட்டு, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு டிவி பார்க்கும் வேலைக்குப் போய்விட்டார். திருத்தத்தான். ஆனால் வெள்ளைக்காரர்களை நீச்சல் தடாகத்தோரம் ஆள் உட்காராத வெறும் கதிரை ஒன்றின் முன்னால் நிறுத்தி, "என்ன தெரியுது?" என்று கேட்பதாகக் கேள்வி. போகுமுன் எல்லோருடைய டிவியையும் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் போனார். போன கிழமை ஓட்டமாவடிக் காக்காவைச் சந்தையில் கண்டேன். டிவி எப்படி என்று கேட்டேன். "நல்லா ஓடுது தம்பி. ஓடிக்கிட்டே இருக்கு. அதான் ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கும் அப்படித்தான். இப்போதெல்லாம் நாலு நிமிடப் பாட்டு நாலே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.