எலிபரிக்கியின் சிங்கம்

இன்றைக்கு ஒரு சிங்கம்கூடக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று எலிபரிக்கி கிமாரோ காலையிலேயே சபதம் எடுத்துக்கொண்டார்.

பால்காரர் பசுவைப் பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுத்த கதைதான் இது. காட்டு மிருகங்கள் வாழும் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் பயணிகளை வண்டியில் ஏற்றிப்போய்ச் சிங்கம் காட்டுவதுதான் அவர் தொழில். ஆனால் சபதத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் பூப்போட்ட கித்தெங்கே துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு, வண்டியின் பின் இருக்கையில் சாவகாசமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. அவருடைய மனைவி மன்கா.

எலிபரிக்கி என்றால் அவர்கள் ஊரில் கடவுளின் ஆசி என்று பொருள். நம் காதில்தான் முதலில் எலி ஓடுகிறது. ஓடட்டும். ஏனென்றால் அந்த வட்டாரத்திலேயே சிங்கத்தோடு மல்லுக்கட்டிப் பிழைத்த ஒரே ஓட்டுநர் என்ற பெயர் அவருக்குத்தான் இருந்தது. முதல் சிங்கம் தென்பட்டதும் வண்டியை நிறுத்துவார். ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு மெதுவாகக் கால்சட்டையைச் சுருட்டுவார். கெண்டைக்காலில் வரிவரியாக மூன்று தழும்புகள். பயணிகள் "ஐயோ" என்பார்கள். சில பெண்மணிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஊருக்குத் திரும்பியதும் மறக்காமல் இணையத்தில் எழுதுவார்கள்: "யானை பார்த்தோம், எருமை பார்த்தோம், எலியின் காலைப் பார்த்தோம்."

அந்தத் தழும்பைப் போட்டது சிங்கம் அல்ல. பக்கத்து வீட்டு வான்கோழி. இன்னும் சரியாகச் சொன்னால் வான்கோழிகூட அல்ல. வான்கோழிக்குப் பயந்து ஓடி, மாட்டுக்கொட்டகைக் கூரையில் தாவி ஏறியபோது சரிந்து கிழித்த தகரம். இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

அவள் வாயைத் திறந்தால் தீர்ந்தது. ஓட்டுநர்கள் சும்மா விடுகிற ஜாதியா? என்றோ ஒருநாள் வண்டியில் கண்ணயர்ந்த ஒருவரை இன்றுவரை "தலையணை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் மகன் பெயர் "தலையணை உறை". எலிபரிக்கி சாகிற வரைக்கும் வான்கோழிதான். கல்லறையிலும் அதையே எழுதிவிடுவார்கள்.

எல்லாம் அந்த ப்ரூனர் அம்மாளால் வந்த வினை. சுவிட்சர்லாந்துக்காரி. இளவயதில் இங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். புத்தகத்தில் படித்த சுவாஹிலியை அப்படியே புத்தகம் மாதிரியே பேசுவார். நல்ல டீ வேண்டும் என்று காலையில் கராத்து ஊர்க் கடைத்தெருவில் இறங்கியவர், ஓட்டுநர்கள் எல்லாரும் பசியாறும் மன்காவின் டீக்கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மணி, தாங்கள் சிங்கத்தைக் கண்டதுண்டா?" என்று மன்காவைக் கேட்டார்.

"எங்கம்மா! என் வீட்டுக்காரர் ஊர்ல இருக்கிற வெள்ளைக்காரிக்கெல்லாம் சிங்கம் காட்டினார். எனக்கு இதுவரைக்கும் ஒரு பூனையைக்கூடக் காட்டினதில்ல."

"எங்கள் வாகனத்தில் ஓர் இருக்கை காலியாக உள்ளதே!"

எலிபரிக்கி பதறினார். "அவளுக்குத் தூசி ஒத்துக்காதும்மா. கடையை யாரு பாத்துக்கறது?"

"தங்கச்சி பாத்துக்குவா," என்றாள் மன்கா. "தூசியா? உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு? நீங்க கொண்டுவர்ற தூசியில பாதி பள்ளம் என் வீட்டுலதான் இருக்கு."

முன்கூட்டியே திட்டமிட்ட மாதிரி அவள் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் வேறு தயாராக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எலிபரிக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் உழைக்கிற இடத்துக்குப் பெண்டாட்டி வேடிக்கை பார்க்க வருவதாவது! இவர் என்றைக்காவது அவள் அடுப்படிக்குப் போய் வேடிக்கை பார்த்திருக்கிறாரா? இல்லையே! அந்த மரியாதை அவளுக்கும் இருக்க வேண்டாமா?

பள்ளத்தில் இறங்கியதும் ரேடியோ கரகரத்தது. "மீசை ரெண்டு, அத்திமரத்தடியில. வயிறு நிறைஞ்சு படுத்திருக்கு."

சிங்கத்தைக் குறிக்கும் சிம்பா என்ற சுவாஹிலிச் சொல் இப்போது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ரேடியோவில் சிங்கம் என்று சொல்லிவிட்டு அங்கே போவதற்குள் அது எழுந்து போய்விட்டால், பயணிகள் முகம் தொங்கிப்போகும். அதனால் ஓட்டுநர்களுக்குள் சிங்கத்துக்குப் பெயர் மீசை. எலிபரிக்கி அத்திமரத்துக்கு நேர் எதிர்த் திசையில் வண்டியைத் திருப்பினார்.

"இது புல்," என்று காட்டினார். "எருமை தின்கிற புல்."

ப்ரூனர் அம்மாளின் கணவர் வாய் பேசாத மனிதர். முழங்கை நீளக் கேமராவைத் தூக்கி மரியாதையாகப் புல்லைப் படம் எடுத்தார்.

"இது எருமைச் சாணி. நேத்திக்குப் போட்டது."

அதையும் எடுத்தார்.

"சிங்கம் எப்பொழுது வரும், திருவாளர் எலி?" என்றார் ப்ரூனர் அம்மாள்.

"இன்னிக்குச் சிங்கத்துக்கெல்லாம் ஓய்வு நாள் மாதிரி தெரியுதும்மா."

பின்னாலிருந்து வேர்க்கடலை மெல்லும் சத்தம் நின்றது. "ஏங்க, ரேடியோவுல மீசை மீசைங்கறாங்களே, அது என்னது?"

"அது ஒரு டிரைவரோட பட்டப்பேரு. நீ பேசாம வா."

"அவரா வயிறு நிறைஞ்சு மரத்தடியில படுத்திருக்காரு?"

"ஆமா. களைச்சுப்போயிருப்பாரு."

ரேடியோ மறுபடி கரகரத்தது. "மீசைக்குப் பக்கத்துல நாலு குட்டியும் இருக்கு."

"குட்டியுமா இருக்காம்?"

"குடும்பஸ்தர்."

"இப்ப அவரோட பெண்டாட்டி ஒரு வரிக்குதிரையை இழுத்துட்டு வர்றாளாமே?"

எலிபரிக்கி வண்டியின் வேகத்தைக் கூட்டினார். மன்கா ப்ரூனர் அம்மாளின் பக்கம் திரும்பினாள். "அம்மா, மீசைன்னா சிங்கம். தினம் காலையில என் கடையில உக்காந்துதான் நேத்து எங்கெங்க மீசை பாத்தோம்னு பேசுவாங்க. இவரு உங்களைச் சாணி பக்கம் கூட்டிட்டுப் போறாரு."

"திருவாளர் எலி!" என்றார் ப்ரூனர் அம்மாள். அந்த இரண்டு சொல்லில் ஒரு வருஷத்துத் திட்டு இருந்தது.

எலிபரிக்கி சமாளிப்பதற்குள் மன்கா எட்டி ரேடியோவின் பேசும் கருவியை எடுத்துவிட்டாள். "தம்பிங்களா, டீக்கடை மன்கா பேசறேன். அத்திமரத்துக்கு எப்படி வரணும்?"

பள்ளம் முழுக்க ஒரே ஆரவாரம். "அக்கா! நீங்களா? உள்ளயா இருக்கீங்க? வாங்க வாங்க, உங்களுக்கு இடம் விட்டுவைக்கிறோம்!" இத்தனை வருஷத்தில் எலிபரிக்கிக்கு ஒருவரும் இடம் விட்டுவைத்ததில்லை. மண்டாசிப் பணியாரத்துக்கும் டீக்கும் இருக்கிற மதிப்பு மனுஷனுக்கு இல்லை!

அத்திமரத்தடியில் வண்டிகள் விலகி வழிவிட்டன. பெரிய ஆண் சிங்கம் ஒன்று தலையைத் தூக்கி எல்லா வண்டிகளையும் ஒரு பார்வை பார்த்தது. வேறு வண்டியே கிடைக்காத மாதிரி நேராக எலிபரிக்கியின் வண்டிக்கு நடந்து வந்தது. அதன் நிழலில் சக்கரத்தை ஒட்டிப் படுத்து, கொட்டாவி விட்டு, கண்ணை மூடிக்கொண்டது. அது எழுந்திருக்கும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது என்பது சட்டம். தப்பி ஓட வழியில்லை.

"இப்பொழுது," என்று ப்ரூனர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், "தழும்பு."

"அது பழைய கதைம்மா. விடுங்க."

"அதைக் காண்பதற்காகவே தங்கள் வாகனத்தைக் கேட்டுப் பெற்றேன். அம்மணி, தங்கள் கணவர் சிங்கத்தோடு போரிட்டது உண்மைதானே?"

எலிபரிக்கி கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். கல்யாணத்தன்று மாதா கோவிலில்கூட அவளை அவ்வளவு உருக்கமாகப் பார்த்ததில்லை. மன்கா ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆமாம்மா. நிஜம்தான்."

எலிபரிக்கிக்கு உயிர் வந்தது. இவளைப் போல ஒரு பெண்டாட்டி உண்டா? நாளைக்கே ஒரு நல்ல கித்தெங்கே வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாகவே வாங்கலாம்!

"ஆனா பாதிதான் சொல்லியிருப்பாரு," என்றாள் மன்கா. "ரொம்ப அடக்கமானவரு."

"மீதி யாது?"

"நான் அடுப்புல களி கிண்டிட்டிருந்தேன். வெளியில ஒரே அலறல். ஆடுதான் கத்துதுன்னு நினைச்சேன். போய்ப் பாத்தா இவரு. முன்னால இவரு ஓடறாரு, பின்னால அது ஓடுது. கொட்டகை மேல ஏறி நின்னுக்கிட்டு, 'மன்கா, என்னைக் காப்பாத்து, இனிமே நீ சொன்னபடி கேக்கறேன்'னு கெஞ்சறாரு. நான் யோசிக்கவே இல்ல. கையில இருந்த களித்துடுப்பாலயே அது தலையில ஒண்ணு போட்டேன். திரும்பிப் பாத்துச்சு. இன்னொண்ணு போட்டேன். ஓடியே போச்சு."

"தாங்களா? துடுப்பாலா?"

"களி கூட இன்னும் ஒட்டிட்டிருந்துச்சும்மா."

"மன்கா!" எலிபரிக்கி துள்ளித் திரும்பினார். "நீ என்ன பேசறே? அது..."

"என்னங்க?" அவள் குரல் தேனாக இருந்தது. "அது சிங்கம் இல்லையா? வேற எதாச்சுமா? நான் மறந்துட்டேன், நீங்களே சொல்லுங்க."

எலிபரிக்கி இருக்கையின் முதுகில் ஒரு குத்து விட்டார். அயோக்கியத்தனம்! பகல் கொள்ளை! அவர் பாடுபட்டு வளர்த்த சிங்கம். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பல், ஒரு உறுமல் என்று சேர்த்துச் சேர்த்து ஆளாக்கிய சிங்கம். கண்ணெதிரே வந்து அதைத் துடுப்பால் அடித்து ஓட்டிக்கொண்டு போகிறாளே!

அப்போதுதான் கவனித்தார். பேசும் கருவி இன்னும் அவள் கையிலேயே இருந்தது. அவள் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது.

"அடடா," என்று விரலை எடுத்தாள் மன்கா. ரேடியோவில் கைதட்டல் கேட்டது.

அந்தச் சத்தத்தில் கீழே படுத்திருந்த சிங்கம் லேசாக உறுமியது. எலிபரிக்கி சீட்டில் ஒரு சாண் எம்பினார். ப்ரூனர் அம்மாள் அவர் தோளை அன்பாகத் தட்டினார். "அஞ்சற்க. தங்கள் மனைவி இங்கேயே இருக்கிறார்."

நீர்யானைக் குளத்தருகே மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இறங்கினார்கள். அத்தனை வண்டிக்காரர்களும் மன்காவைச் சுற்றித்தான். துடுப்பு இல்லாததால் ஒரு மரக்கிளையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பயணி எலிபரிக்கியைச் சிங்கத்துக்குப் பதிலாகப் புல்லில் கொஞ்சம் படுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்து கோழிக்காலைக் கையில் எடுத்தார். மேலேயிருந்து ஒரு பருந்து பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. "அக்காவைக் கூப்பிடு! அக்காவைக் கூப்பிடு!" என்று ஓட்டுநர்கள் கத்தினார்கள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே வெடித்தார். "என் சிங்கத்தைத் திருடிட்டியே! உனக்கு மனசாட்சி இருக்கா? இத்தனை பொய்யா சொல்லுவா ஒருத்தி?"

"நான் ஒரு பொய்யும் சொல்லலையே," என்றாள் மன்கா, செருப்பிலிருந்து தூசியைத் தட்டியபடி. "நீங்க அலறினது நிஜம். ஏறி நின்னது நிஜம். துடுப்பால அடிச்சது நான்தான். மிருகத்தோட பேரை மட்டும் உங்க இஷ்டத்துக்கே விட்டுட்டேன். வாய் தவறிக்கூட மாத்தலையே. உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்கேன், திட்டறீங்க."

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும், நான் சிங்கம்னு சொல்றது?"

"டிரைவருங்க என் கடையிலதானே டீ குடிக்கிறாங்க? வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்கேன். என்னிக்காவது என்னையும் அதுல சேப்பீங்கன்னு பாத்தேன். சேக்கவே இல்ல. அதான் நானே சேந்துக்கிட்டேன்."

எலிபரிக்கி அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டாவது தட்டு, அதாவது. முதல் தட்டைக் கோபத்திலேயே தின்றுவிட்டார்.

மறுநாள் காலையில் டீக்கடை நிரம்பி வழிந்தது. இரண்டு புதுப் பயணிகள், "சிங்கத்தை அடித்த அம்மா எங்கே?" என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சுவரில் துடுப்பைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எலிபரிக்கியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தலையணை ஆனாலும் சரி, வான்கோழி ஆனாலும் சரி, அவளுக்கு இந்தப் பெருமை கூடாது. பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"கேளுங்க எல்லாரும்! அது சிங்கமே இல்ல! வான்கோழி! பக்கத்து வீட்டு வான்கோழி! நான் அதுக்குப் பயந்து ஓடித் தகரத்துல காலைக் கிழிச்சுக்கிட்டேன்! இதுதான் உண்மை!"

மன்கா தலையைக் குனிந்துகொண்டு டீயை ஆற்றினாள். ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. தலையணைதான் எழுந்து வந்து, அவரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி, தோளில் கை போட்டு, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்:

"பெண்டாட்டிக்கு நாலு பேர் மத்தியில ஒரு நல்ல பேர் வந்தது பொறுக்காம, ஒரு மனுஷன் வான்கோழி வரைக்குமா இறங்குவான், எலி?"