பத்தியம் சொல்ல வந்தவர்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். வருவார்கள், உட்காருவார்கள், ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்வார்கள், ஒரு ஜெபம் செய்வார்கள், காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களால் யாருக்கும் கெடுதலில்லை. அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. நாம் பார்க்கப் போவது அந்தக் கூட்டத்தோடு கலந்து வரும் வேறொரு பிறவியை. அதன் பெயர் பத்தியஞ்சொல்லி.

வேம்பாரிலிருந்து புன்னைக்காயல் வரை இந்தப் பிறவி இல்லாத தெரு கிடையாது. கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்ற பேதமும் கிடையாது. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்வை நோயாளியின் முகத்தைத் தாண்டி, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் தட்டில் போய் விழும். "என்ன குடுத்த?" என்பது முதல் கேள்வி. கஞ்சி என்றால், "வெறும் கஞ்சியா? தெம்பு எங்கன இருந்து வரும்?" சோறு என்றால், "சோறா? இந்த உடம்புக்கா?" ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இவர்களுக்கு எல்லா நோயாளியும் ருசிப்பதில்லை. கால் ஒடிந்தவன் எதிர்த்துப் பேசுவான். காய்ச்சல்காரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். டான்சில் எடுத்த ஆள்தான் இவர்களுக்கு வாய்த்த ஆள். கேட்கக் காது இருக்கிறது, பதில் சொல்லத் தொண்டை இல்லை. வேறென்ன வேண்டும்?

ஜெபசுதா வீட்டுக்கு வந்தவர் அருமைநாயகம் அண்ணாச்சி. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்த்தவர். எந்தப் பெட்டி கப்பலுக்குள் இறங்கலாம், எது கரையிலேயே நிற்க வேண்டும் என்று காட்டிக் காட்டிப் பழகிய கை. ஓய்வு பெற்றபின் அந்தக் கைக்குக் கப்பல் இல்லை. ஊரார் தொண்டை இருக்கிறது.

ஜெபசுதாவின் மகள் ஈவாஞ்சலினுக்கு இருபத்தேழு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. வருடம் நாலு தடவை தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுத்தவள், கோடை விடுமுறையில் டான்சிலை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஜெபசுதாவிடம் தெளிவாகத்தான் சொன்னார்: விழுங்க வலிக்கும், வலிக்கிறதென்று விழுங்காமல் இருக்கக் கூடாது, தொண்டை காய்ந்தால் புண்ணில் ரத்தம் வரும், குடிக்காவிட்டால் திரும்ப அழைத்து வந்து ட்ரிப் போட வேண்டியதுதான். ட்ரிப் என்றதும் ஈவாஞ்சலின் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். நரம்பு அகப்படாமல் நாலு இடத்தில் குத்தியதில் இரண்டு புறங்கையும் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

முதல் நாள் ஒழுங்காகப் போயிற்று. வலி மாத்திரை, அரை மணி நேரம் கழித்து ஒரு கப் ஐஸ்கிரீம், பிறகு ஆறின கஞ்சி, தோல் உரித்த நுங்கு, கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்குத் தண்ணீர். முகம் சுளித்தாள், ஆனால் விழுங்கினாள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார்.

"ஏளா ஜெபசுதா, என்னது இது, ஐஸ்கிரீமா?"

"டாக்டர்தான் குடுக்கச் சொல்லிருக்காவ, அண்ணாச்சி."

"அவியளுக்கு என்ன, வெட்டிட்டு வீட்டுக்குப் போயிருவாவ. குளுந்தது தின்னுதான் இந்தச் சனியனே வந்துது. இப்ப எடுத்த இடத்துலயும் அதையே ஊத்துதியே, மறுபடி முளைக்கட்டும்னா?"

"நுங்காவது குடுக்கலாமா?"

"அது இதுக்கு மேல குளுமை."

தயிர் சளி. இளநீர் சீதம். கஞ்சி ஆறிப்போயிற்று, ஆறினது வாயு. மிளகு தட்டிப் போட்ட சுக்குக் கஷாயம், கொதிக்கக் கொதிக்க, மூன்று வேளை. அதுதான் புண்ணை அறுத்துக்கொண்டு போகுமாம். பிறகு செல்போன் விளக்கைப் போட்டு ஈவாஞ்சலினின் வாய்க்குள் பார்த்தார். "ரெண்டு பக்கமும் சீழு வச்சிருக்கு பாரு."

சீழ் இல்லை. புண் ஆறும்போது வெள்ளையாகத்தான் படியும், வாய் நாறும், காதுகூடக் குத்தும். எல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சடித்திருந்தது. சீட்டு ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். யார் பேச்சு எடுபடும்? ஜெபசுதாவின் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வேறு.

ஈவாஞ்சலின் ஒரு தாளில் 'எனக்கு ஐஸ்கிரீம்தான் வேணும்' என்று எழுதி நீட்டினாள். அண்ணாச்சி வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளைக்கு எழுத்து முத்து முத்தா இருக்கு" என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் கப்பில் இருந்தது உருகத் தொடங்கியது. வீணாகப் போகக் கூடாதே. அவரே எடுத்துச் சாப்பிட்டார். "நமக்குப் பழகின உடம்பு" என்று விளக்கமும் சொன்னார். தாம் கொண்டுவந்த மக்ரூன் பெட்டியைத் திறந்து, "இத மட்டும் குடு, வாயில போட்டாக் கரைஞ்சிரும்" என்றார். முந்திரித் தூளும் முறுகலுமாக ஒரு துண்டு பச்சைப் புண்ணில் உரசியதும் ஈவாஞ்சலினின் கண்ணில் தண்ணீர் வந்தது. மீதிப் பெட்டியிலும் பாதி, பழகின உடம்புக்கே போயிற்று. இந்த இனத்தின் பத்தியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: மற்றவர்கள் வாங்கியது ஆகாது, தாம் வாங்கியது ஆகும், இரண்டையும் தாமே சாப்பிடலாம்.

கஷாயம் இரண்டு வேளை உள்ளே போயிற்று. மூன்றாம் வேளைக்கு ஈவாஞ்சலின் வாயைத் திறக்கவில்லை. கஷாயத்துக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து பாத்ரூமுக்கே போகவில்லை. ஜெபசுதா பயந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த நர்ஸ் வளவளவென்று பேசவில்லை. "ஆறு மணிக்குள்ள நல்லாக் குடிக்கணும். இல்லன்னா கூட்டிட்டு வந்துருங்க, ட்ரிப் ஏத்திருவோம். ரத்தம் துப்புனா ஆறு மணி வரைக்கும் பாக்காண்டாம், உடனே வாங்க."

ஜெபசுதா கஷாயத்தைத் தொட்டியில் ஊற்றினாள். வலி மாத்திரையைக் கொடுத்தாள். அரை மணி நேரம் கழித்து, ஃப்ரீஸரில் மிச்சமிருந்த கடைசிக் கப்பை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். மணி ஐந்து. வாசலில் செருப்புச் சத்தம்.

"இன்னுமா இந்தச் சனியன் வீட்டுல இருக்கு?" என்றபடி அண்ணாச்சி கப்பை எடுத்தார். மூடியைத் திறந்தார். நாற்காலியில் சாய்ந்தார். முதல் ஸ்பூன் உள்ளே போயிற்று.

ஈவாஞ்சலின் அந்த ஸ்பூனைப் பார்த்தாள். தன் புறங்கையைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து, எட்டி, மூத்தவர் கையிலிருந்து கப்பைப் பிடுங்கினாள்.

அண்ணாச்சியின் கை அந்தரத்தில் நின்றது. அதில் ஸ்பூன் மட்டும் இருந்தது.

"ஏளா, பிள்ளை செய்தத பாத்தியா?"

"பாத்தேன். அந்த ஸ்பூனையும் தாங்க, அண்ணாச்சி. கழுவிக் குடுக்கணும்."

"நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா டாக்டர்ட்ட போவோம். நீங்க மக்ரூனச் சாப்பிடுங்க."

ஆறு மணிக்குள் அந்தக் கப், ஒரு இளநீர், மூன்று நுங்கு, இரண்டு டம்ளர் தண்ணீர். ஒவ்வொரு மடக்குக்கும் ஈவாஞ்சலின் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஆனால் நிறுத்தவில்லை. ஏழு மணிக்கு எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். அவளுக்கு வேலை கிடைத்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அத்தனை சந்தோஷமான செய்தி வந்ததில்லை.

அண்ணாச்சி திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் நாலு பேர் நடுவில் நின்று சொன்னார்: "கடைசி நேரத்துல ஐஸ்கிரீம எங் கையிலருந்துதான் வாங்கிச் சாப்பிட்டுச்சு பிள்ளை. இல்லன்னா ட்ரிப்புதான்." ஒரு வார்த்தை பொய் இல்லை. புதன்கிழமை, சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகிப் படுத்திருக்கும் தேவபிரசாதத்தைப் பார்க்கப் போனார். கையில் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. "குளுந்தது உள்ள போனாத்தாம்ல புண்ணு ஆறும்." தேவபிரசாதத்துக்குப் பேச்சு வரும். தெருமுனை வரை கேட்டது.

நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கும் அண்ணாச்சிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதை வாசித்து வரும்போது எங்காவது ஓரிடத்தில், 'ஐஸ்கிரீம் சரிதான், ஆனாலும் அந்தக் கஞ்சியில் ஒரு சிட்டிகை சுக்காவது போட்டிருக்கலாம்' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து செருப்பை மாட்ட வேண்டாம். ஈவாஞ்சலின் நன்றாக இருக்கிறாள்.