சட்டைப்பை வைத்தியர் றெஜினோல்ட்

உலகத்தில் வைத்தியர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். முன்கூட்டியே நேரம் எடுத்துக்கொண்டு போய், இருந்து, காத்து, உள்ளே நுழைந்தால், "பரசெற் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் வகையினர் நீங்கள் இருமி முடிப்பதற்குள் மருந்தை நீட்டிவிடுபவர்கள். நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாம் வகை. கல்யாண வீடோ, செத்த வீடோ, நகரத்துக்குப் போகும் ரயிலோ, தேவாலயத்தில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் மண்டபமோ, நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் முகத்தைச் சுளித்தால் போதும், இவர் பக்கத்தில் வந்து நிற்பார். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள்.

ஒஸ்லோவில், ஹவுகெட்டோப் பக்கத்தில் வசிக்கும் றெஜினோல்ட் இந்த வகையில் ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதர். ஆஸ்பத்திரியில் வேலை. எந்தப் பகுதியில் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சலவைத்துணி வண்டி தள்ளும் பகுதி. நேர்மையான வேலைதான், ஆனால் "நான் ஆசுப்பத்திரியிலை நிக்கிறனான்" என்று அவர் சொல்லும்போது கேட்பவருக்கு வண்டி தெரியாது, வெள்ளைக் கோட்டுத்தான் தெரியும்.

அவருடைய ஜாக்கெட்டின் உள்பையில் ஒரு தட்டையான பெப்பர்மின்ட் தகரப்பேணி இருக்கும். அதற்குள் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்த குளிசைகள். குளிசை அட்டை முழுசாகப் பேணிக்குள் அடங்காது என்பதற்காகக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்திருப்பார். வெட்டும்போது மருந்தின் பெயர் முதலில் போகும், காலாவதித் திகதி அடுத்துப் போகும். போனால் என்ன? அவருக்கு நிறம் தெரியும். மஞ்சள் தலைச்சுற்றுக்கு, ரோஸ் வயிற்றுக்கு, சின்ன வெள்ளை வீக்கத்துக்கு. "இதைப் போடும், காலமை உம்மைப் பிடிக்கேலாது" என்பார். காலையில் குணமானால் அது குளிசையின் கெட்டித்தனம். குணமாகாவிட்டால் வெறுவயிற்றில் போட்ட உங்கள் பிழை. இப்படி ஒரு கணக்கில் எந்த வைத்தியர் தோற்பார்? அவருடைய மனைவி அனஸ்ரேசியா மட்டும் முழங்கால் நோவுக்கு, அவருக்குத் தெரியாமல், முதல் வகை வைத்தியரிடம் போய்வருகிறார்.

இனி ரிசாந்தின் கதைக்கு வருவோம். ரிசாந் இங்கே பிறந்து வளர்ந்த, பல்கலைக்கழகம் முடித்த பிள்ளை. எல்லாப் பிள்ளைகளும் உதைபந்தாட்டத்துக்குப் போக, இவன் பேஸ்போலுக்குப் போனான். ஒஸ்லோத் தமிழரில் பேஸ்போல் என்னவென்று தெரிந்தவர்களை ஒரு காரில் ஏற்றிவிடலாம். மண்டபத்தில் யாராவது கேட்டால், "கிரிக்கெட் மாதிரித்தான், ஆனால் சதுரமா ஓடுவாங்கள்" என்று அவனுடைய தகப்பன் விளக்கம் சொல்வார். ஆனால் பந்து எறிவதில் ரிசாந் சூரன். கோடையில் நடக்கவிருந்த ஐரோப்பியப் போட்டிக்கு நோர்வே அணியில் அவனுக்கு இடம் உறுதி என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு, மண்டபத்தில் கோப்பிக் குவளையை எடுக்கக் கை நீட்டியவன் முகத்தைச் சுளித்தான். சொன்னேனே, அது போதும்.

"என்ன தம்பி, தோள் நோகுதோ?"

"ஓம் அங்கிள். எறிஞ்சு எறிஞ்சு வீங்கிப்போச்சு. பிசியோ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொன்னவ."

"ரெஸ்ட் எடுக்கிறதுக்கு ஒரு பிசியோவே? இந்தாரும். காலமை ஒண்டு, ராவைக்கு ஒண்டு. சாப்பிட்டிட்டுப் போடும்."

"இது என்ன மருந்து அங்கிள்?"

"வீக்கத்துக்கு."

"பேர்?"

"பேர் தெரிஞ்சு என்ன செய்யப்போறீர்? நான் ஆசுப்பத்திரியிலை நிக்கிறனான், எனக்குத் தெரியாதே?"

பெயர் தெரியாத எதையும் வாயில் போடக்கூடாது என்று விளையாட்டுக் கழகத்தில் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் பால்பல் விழுந்த காலத்திலிருந்து தன்னைத் தூக்கி வைத்திருந்த ஒரு மனிதர், பத்துப் பேர் பார்த்திருக்க, அன்போடு நீட்டுகிறதை எப்படி மறுப்பது என்று எந்தக் கழகமும் பாடம் நடத்துவதில்லை. வாங்கினான், போட்டான். வீக்கம் வற்றிவிட்டது. அடுத்த ஆட்டம் முடிந்ததும் சிறுநீர் எடுத்தார்கள். தடை செய்யப்பட்ட ஸ்டெரொய்ட் இருந்தது. விசாரணை முடியும் வரை மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றும், குற்றம் உறுதியானால் இரண்டு வருடத் தடை என்றும் சொல்லிவிட்டார்கள்.

செய்தி மண்டபத்துக்கு வந்தபோது ஊக்கமருந்து போதைமருந்தாகி, ஒரு குளிசை ஒரு பொட்டலமாகியிருந்தது. எல்லோரிலும் பலமாகக் கவலைப்பட்டவர் றெஜினோல்ட்தான். "வளர்ப்புப் பிழை. கண்டதையும் வாயிலை போட்டால் இப்பிடித்தான்" என்று கோப்பி ஆறும் வரை பேசினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அன்று பின்னேரமே ரிசாந் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அங்கிள், நீங்கள் தந்த குளிசைதான். விசாரணைக்கு வந்து ஒருக்கா அதைச் சொன்னால் காணும். தெரிஞ்சு எடுக்கேல்லையெண்டு விளங்கினால் தடையைக் குறைப்பினம்."

றெஜினோல்டுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நான் தந்தது மருந்தெல்லோ? முப்பது வருசமா எல்லாருக்கும் குடுக்கிறன். ஒருத்தரையாவது தடை செய்தவங்களோ?"

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவன் போனபிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வேலை போய்விடுமோ, பொலிஸ் வருமோ என்று வீட்டுக்குள் நடந்தார். வேலையும் பொலிசும் கூடப் பரவாயில்லை. பெயர் தெரியாத குளிசையைத்தான் இவ்வளவு காலமும் கொடுத்தேன் என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"உள்ளதைச் சொல்லுங்கோ. பொடியன்ரை பேர் நாறிப்போய்க் கிடக்குது" என்றார் அனஸ்ரேசியா.

"ஓம், ஓம்" என்றார் றெஜினோல்ட். இந்த வகை மனிதர்கள் இரண்டு தரம் ஓம் சொன்னால் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

விசாரணைக்கு ஜாக்கெட்டும் கழுத்துப்பட்டியுமாகப் போனார். நீளமான மேசையின் அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவி, நரைத்த குட்டைத் தலைமயிர்க்காரி, நிதானமாகக் கேட்டார்: "இந்த இளைஞருக்கு நீங்கள் மருந்து கொடுத்தீர்களா?"

"இல்லை. நான் வைத்தியன் இல்லை. யாருக்கும் மருந்து கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை."

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் தன்னை வைத்தியன் இல்லை என்று சொன்னது அன்றுதான். ரிசாந் தலையைக் குனிந்துகொண்டான். கோபப்பட்டிருந்தால் றெஜினோல்டுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை, வெட்கப்பட்டான். அவருக்காக வெட்கப்பட்டான். அதை நினைக்க எனக்கே வயிறு எரிகிறது, பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

தலைவி குறிப்பெழுதக் குனிந்தார். குனிந்தவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தார்.

அவ்வளவுதான். றெஜினோல்டின் மூளைக்கு ஒரு சொல்லும் அறிவிக்காமல் அவருடைய வலது கை ஜாக்கெட்டுக்குள் போனது, பேணியைத் திறந்தது, ஒரு துண்டு அட்டையை எடுத்தது, மேசையின் குறுக்கே தள்ளியது.

"வீக்கத்துக்கு நல்லது," என்றார் நல்ல நோர்வேஜிய மொழியில். "சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். நாளை காலை உங்களைப் பிடிக்க முடியாது."

தலைவி அந்தச் சின்ன வெள்ளைக் குளிசையைப் பார்த்தார். பேணியைப் பார்த்தார். பிறகு ரிசாந்தைப் பார்த்தார். குளிசையை அவர் வாயில் போடவில்லை, உறையில் போட்டு ஒட்டினார். பேணியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆய்வுகூடத்தில் பார்த்தால் அதே ஸ்டெரொய்ட். இரண்டு வருடத் தடை வெறும் ஐந்து மாதத் தடையாகக் குறைந்தது. அந்தக் கோடை போனது போனதுதான், ஐரோப்பியப் போட்டிக்கு அவனுடைய இடத்தில் வேறொருவன் போனான். ஆனால் அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது றெஜினோல்ட் ரிசாந்தின் முகத்தை உற்றுப் பார்த்தார், கை பழக்கத்தில் வெறும் உள்பைக்குள் போனது. "கண்ணெல்லாம் உள்ளுக்குப் போட்டுது தம்பி. நித்திரை இல்லையோ? அதுக்கு என்னட்டை வீட்டிலை..."

"அங்கிள்," என்றான் ரிசாந், "கையை வெளியிலை எடுங்கோ."

அவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? "நான் போய்க் கதைச்சபடியால்தான் பொடியன் தப்பினவன்" என்று தீர்ப்பு வந்த அடுத்த ஞாயிறே மண்டபத்தில் சொன்னார். சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கேட்டவர்களில் ஒருவருக்குத் தும்மல் வந்தது. றெஜினோல்ட் புதுப் பேணியைத் திறந்தார்.

சரி, அவரை விடுங்கள். இதைக் குனிந்திருந்து எழுதியதில் எனக்குக் கழுத்தின் வலப்பக்கம் விறைத்துப்போய்க் கிடக்கிறது. திரும்பினால் நோகிறது, சிலவேளை தலைக்கும் ஏறுகிறது.

இப்போது உங்கள் நாக்கின் நுனியில் ஒரு மருந்தின் பெயர் வந்து நிற்கிறதே, அதைத் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.