பதினாலாம் அறையில் பால் காய்ச்சிய வரலாறு

வீட்டுக்கு வரலாறு இருந்தால் வீட்டுக்காரனுக்கு நிம்மதி இல்லை. ஜெர்மனியில் எழுதி வைக்காத சட்டம் இது ஒன்றுதான்.

வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலேய மாளிகை. 1891இல் இங்கிலாந்திலிருந்து வந்த நூல் வியாபாரி ஊர் நினைப்பில் கட்டினது. முதலாம் உலகப் போரில் அவரைத் துரத்திவிட்டு ஒரு பொத்தான் முதலாளி எடுத்தார். அடுத்த போருக்குப் பிறகு ஆங்கிலேயப் பட்டாளத்து அதிகாரிகள் இருந்தார்கள். கடைசியில் நகரசபை வாங்கி, எண்பத்தைந்தில் இலங்கையிலிருந்து ஓடிவந்த எங்களைப் போட்டு அடைத்தது. அகதி விடுதி! பதினாலாம் அறையில் நான், தம்பித்துரை அண்ணை, இன்னும் நாலு பேர். ‘மேலும் ஒரு மாதம் உங்களைப் பொறுத்துக்கொள்கிறோம்’ என்று மாதாமாதம் ஒரு கடதாசி வரும்.

2004இல் நகரசபை அதை விற்றது. கூரை ஒழுகிற மாளிகையை ஆர் வாங்குவான்? துப்புரவுக் கொம்பனி நடத்துகிற தம்பித்துரை அண்ணை வாங்கினார்.

“கைகட்டி நிண்ட வாசலாலை வீட்டுக்காரனாப் போறன், பார் ரவி!”

அவருடைய மனைவி சுந்தரேஸ்வரி அக்காவுக்கு ஒரே ஆசை. புதுவீடு குடிபூரலன்று சொந்த வீட்டுக்குள் பால் பொங்கி வழியவேணும். நாளும் பார்த்தாச்சு.

அதற்குள் புராதனக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஃபிராவ் கிளிங்பைல் கோப்போடு வந்தா.

“இக்கட்டடத்தின் அபூர்வமான காலம் எதுவென நிபுணர் குழு பதினெட்டு மாதங்கள் ஆராய்ந்துள்ளது.”

“நூல் வியாபாரியின்ரை காலமோ?” என்றார் அண்ணை பெருமையோடு.

“அதுபோல் நாட்டில் ஏராளம். அகதி விடுதிக் காலமே அபூர்வம். எனவே அடுக்குக் கட்டில்கள், சுவரிலுள்ள மஞ்சள் கறை, கதவிலுள்ள அறிவித்தல் ஆகியன பேணப்படும்.”

கட்டிலுக்குக் கீழே நாங்கள் களவாகப் பருப்புக் காய்ச்சேக்கை சட்டி வெடித்துத் தெறித்த கறை அது. அன்றைக்கு அதற்காக விசாரணை வைத்தாங்கள். இன்றைக்கு அதைத் துடைத்தால் விசாரணை!

அறிவித்தலில் ‘கட்டடத்தில் சமையல் தடை’ என்று இருந்தது.

“என்ரை வீட்டிலை பால் காய்ச்ச ஏலாதோ?” என்று கேட்டா அக்கா.

“அறிவித்தலைக் கழற்ற முடியாது. கழற்றாத அறிவித்தல் செல்லுபடியாகும்.”

“அப்ப நாங்கள் இதுக்கை இருக்கலாமோ?”

“விடுதியில் தங்க அன்ட்ராக் போடவேண்டும்.”

வீட்டுக்காரன் தன் வீட்டில் தங்க விண்ணப்பம் போட்டார்.

குடிபூரல் நாள். அண்ணை தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். பதினாலாம் அறையில் கட்டிலுக்குக் கீழே மின்னடுப்பு, கதவு இடுக்கில் ஈரத்துவாய். பட்டுச்சேலையும் வேட்டியுமாக நாற்பது பேர் மூச்சுக் காட்டாமல் நின்றோம். அக்கா தரையில் குப்புறப் படுத்துப் பானையைப் பார்த்தபடி, “பொங்குது, பொங்குது” என்று குசுகுசுத்தா.

பொங்கி வழிந்த நேரம் கதவு திறந்தது. ஃபிராவ் கிளிங்பைல்! ஜெர்மன் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன்.

அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. “களவாகச் சமைத்தல்! அசல் நிலை! மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் இதைப் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டுங்கள்” என்று நாலு படம் எடுத்தா. பிறகு அன்ட்ராக்குக்குப் பதிலை நீட்டினா.

அண்ணை வாங்கி வாசித்தார்: ‘மேலும் மூன்று மாதங்கள் உங்களைப் பொறுத்துக்கொள்கிறோம்.’

அக்கா வாய்விட்டு அழுதா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுமாரிக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தேன்.

“மூண்டு மாதமோ! அந்தக் காலத்திலை எங்களுக்கு ஒவ்வொரு மாதந்தானே தந்தவங்கள்! அலுவலகத்துக்குள்ளை ஆரைப் பிடிச்சனீங்கள் அண்ணை?”

ஒருத்தரையும் தெரியாதென்று அவர் பால்பானையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். நாற்பது பேரில் ஒருத்தர்கூட நம்பவில்லை.